ஆத்துலயே இருக்கட்டும்

மயிலாப்பூர் ஸ்திரீ க்ஷேம சங்கத்துப் பெண்மணிகளுக்கு அடையாற்றுத் திட்டின்மேல் சலிப்புத் தட்டுவது வருஷா வருஷம் ஐப்பசியில்தான். மழை பிடித்துக்கொண்டால், திட்டில் சங்கம் போட்டுக் கொடுத்த வைத்தியக் கொட்டகை ஒழுகும். மருந்து சீசாக்களில் ஒட்டிய சீட்டுகள் நனைந்து உரிந்து, எது இருமலுக்கு, எது பேதிக்கு என்று தெரியாமல் போகும். உடனே சங்கத்தில் யாராவது ஒருத்தி, இதெல்லாம் நமக்கெதற்கு, மயிலாப்பூரில் ஏழைகளே இல்லையா என்று ஆரம்பிப்பாள். அதுவரை ஞாபகத்துக்கே வராத மயிலாப்பூர் ஏழைகள்மேல் எல்லோருக்கும் பாசம் பொத்துக்கொண்டு வரும்.

முப்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசியிலும் அதே கதைதான். லஸ்ஸில் சங்கத் தலைவியின் பங்களாவில் கூட்டம். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. உள்ளே வெள்ளி டம்ளர்களில் காப்பி. திட்டுக்காக வாதாட அங்கே இருந்தவள் டாக்டர் ஞானாம்பாள் ஒருத்திதான்.

ஞானாம்பாளுக்கு முப்பது வயசுக்கு மேல். சின்ன வயசிலேயே புருஷனை இழந்தவள். ஊர் வாயைப் பொருட்படுத்தாமல் தகப்பனார் எல்.எம்.பி. என்ற வைத்தியப் பட்டம் வரை படிக்கவைத்துவிட்டார். மாடவீதியில் வீட்டு முன்னறையிலேயே வைத்தியம். செவ்வாயும் வெள்ளியும் திட்டுக்குப் போவாள். மற்ற நாளெல்லாம் அங்கே இருந்து பார்த்துக்கொள்கிறவள் சாந்தோமில் பிறந்து வளர்ந்த நர்ஸ் ஜெசிந்தா.

திட்டு என்பது வேறொன்றுமில்லை. அடையாறு கடலில் போய் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு மணல்மேட்டை மிச்சம் வைத்திருந்தது. மீன்பிடிக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டிருந்தன. வடக்கே சாந்தோம் பக்கத்துக் கரை. அந்தக் கிளை அகலம், ஆழமும் அதிகம். தெற்கே ஊரூர்க் குப்பம். அந்தப் பக்கம் ஆறு ஒடுக்கம், கழியை ஊன்றியே படகைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். பிரசவத்திலோ காய்ச்சலிலோ யாராவது மாட்டிக்கொண்டால், நல்ல நாளிலேயே அவர்களைக் கரை சேர்ப்பது பெரும்பாடு. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

"அவாளுக்கு எதைச் சொன்னாலும் ஏறாது, ஞானம். தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கோன்னு தலை தலையா அடிச்சுண்டோமே, காய்ச்சினாளா?" என்றாள் தலைவி.

ஞானாம்பாளுக்குச் சுரீரென்று வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் பேச்சு வேகமாகிவிடும், மூச்சு விடக்கூட நிறுத்த மாட்டாள். அந்த வேகத்தில் கெங்கம்மாவின் கதையை எடுத்து விட்டாள். கெங்கம்மா திட்டில் வலை வைத்திருக்கும் சுப்பராயனின் பெண்சாதி. முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. ஊர் மருத்துவச்சி துருப்பிடித்த கத்தியால் கொடியறுத்ததில் இரண்டும் வாரம் தாண்டாமல் போயின. இப்போது மூன்றாவது. வயிற்றில் தரித்ததிலிருந்து ஒரு வெள்ளி தவறாமல் கொட்டகைக்கு வந்திருக்கிறாள். கீரை சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், பாரம் தூக்காதே என்றால் மீன்கூடையை மாமியார் தலைக்கு மாற்றினாள். காய்ச்சிய தண்ணீரைத் தவிர வேறு குடிப்பதில்லை. இந்த ஒரு குழந்தை அழுதுகொண்டே பிறந்து, பாலைக் குடித்துக்கொண்டு கிடந்தால் போதும், திட்டில் அத்தனை பெண்களும் கொட்டகையைத் தேடி வருவார்கள் என்றாள் ஞானாம்பாள். அவள் சொன்னது நிஜம். ஆனால் அதையும் தாண்டி, அந்தக் குழந்தையைத் தன் கையால் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. அதை அவள் கூட்டத்தில் சொல்லவில்லை.

பேச்சு சூடுபிடித்திருந்த நேரத்தில் தோட்டக்காரன் வந்து, ஆற்றுப் பக்கத்து ஆள் ஒருத்தன் டாக்டரம்மாவைத் தேடி மாடவீதிக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து நிற்கிறான் என்றான்.

வாசற்படிக்குக் கீழே மழையில் நின்றுகொண்டிருந்தவன் கபாலி, சுப்பராயனின் தம்பி. வலது கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அண்ணிக்கு வெடிகாலைலேந்து நோவு, டாக்டரம்மா. புள்ள குறுக்கால கீதுன்னு நர்சம்மா சொல்லிச்சு. இட்டாந்துடலாமா, இல்ல நீங்களே வரீங்களான்னு கேட்டுக்கினு வரச் சொன்னாங்க."

பன்னீர்க்குடம் உடைந்துவிட்டதா என்று கேட்டாள். தான் கிளம்புகிறவரைக்கும் இல்லை என்றான். அவன் எப்படி வந்தான் என்று கேட்டாள். கட்டுமரத்தில் வடக்குக் கிளையைக் கடந்து, கரையில் இறங்கி ஓடி வந்தானாம். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறதாம்.

ஞானாம்பாள் கணக்குப் போட்டாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது. குடம் உடையாமல் இருந்தால் உள்ளேயே காலைப் பிடித்துத் திருப்பி எடுத்துவிடலாம், அவள் எடுத்திருக்கிறாள். உடைந்து, கொடி நழுவிவிட்டால் குழந்தை பிழைக்காது. வலியோடு இருக்கிறவளைப் படகில் கிடத்தி, அப்புறம் ஜட்காவில் ஏற்றித் திருவல்லிக்கேணி ஆஸ்பத்திரி வரை குலுக்கிக்கொண்டு போனால் நிச்சயம் உடையும். அவளைக் குடிசையிலேயே அசையாமல் கிடத்திவிட்டு, இவள் போய்ச் சேருவதுதான் சரி. இந்த வெள்ளத்தில் கட்டுமரத்தில் உட்கார்ந்து போக இவளால் முடியாது. எல்பின்ஸ்டன் பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஊரூர்ப் பக்கம் போனால் தெற்குக் கிளையில் பத்திரமாகக் கடந்துவிடலாம். அவள் முடிவு செய்ததில் ஒரு தப்பும் கிடையாது. அன்றைக்கு எந்தப் பெரிய டாக்டரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

உள்ளேயிருந்து தலைவியின் குரல் கேட்டது. பாதிப் பேச்சில் எழுந்து வந்த ஞானாம்பாளின் நாக்கு இன்னும் அந்தக் கூடத்தில்தான் இருந்தது.

"ஆத்துலயே இருக்கட்டும். அசைக்கப்படாது. நான் வந்துண்டே இருக்கேன்னு சொல்லு. புரியறதா?"

கபாலி தலையை ஆட்டினான். அவள் சொன்னதை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. திரும்பி ஓட ஆரம்பித்தான்.

ஞானாம்பாள் வழக்கமாகப் போகும் ஜட்கா இனாயத்துடையது. அவன் மழைக்குக் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு தெருமுனையிலேயே நின்றிருந்தான். மாடவீதிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டி பாலத்தைப் பார்த்துப் பறந்தது. இனாயத் குதிரையை அடிக்கிறவனில்லை. அன்றைக்கு உர்தூவில் அதைக் கெஞ்சிக்கொண்டே ஓட்டினான். பாலத்தின்மேல் ஏறியபோது ஞானாம்பாள் எட்டிப் பார்த்தாள். ஆறு செம்மண் நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு போனது. எங்கோ மேற்கே ஏரி நிரம்பி வழிகிறது போலும். கூரை ஓலை ஒன்று மிதந்து வந்து பாலத்துத் தூணில் மோதி, சுற்றிக்கொண்டு போயிற்று. திட்டு மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. குடிசையில் ஜெசிந்தா இருக்கிறாள், அடுப்பில் வெந்நீர் இருக்கும், கெங்கம்மா அசையாமல் படுத்திருப்பாள் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

ஊரூரில் படகு கிடைத்தது. படகுக்காரன் கழியை ஊன்றித் தள்ளி அவளைத் திட்டின் தெற்கு முனையில் இறக்கினான். புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடினாள். சுப்பராயனின் குடிசை திட்டின் வடக்கு ஓரத்தில், தாழம்புதருக்குப் பக்கத்தில் இருந்தது. தலையைக் குனிந்து உள்ளே போனாள்.

பாய் விரித்திருந்தது. பாயில் யாருமில்லை.

சுவரோரம் சுத்தமான துணிகள் மடித்து வைத்திருந்தன. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே சுப்பராயனின் தாயார் கோவிந்தம்மா உட்கார்ந்து சுள்ளி ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. கெங்கம்மா எங்கே என்று கேட்டாள் ஞானாம்பாள்.

"ஆத்துலதான் கீது" என்றாள் கோவிந்தம்மா.

பதட்டத்தில் ஞானாம்பாளுக்கு அது வேறு விதமாகத்தான் காதில் விழுந்தது. பக்கத்துக் குடிசைக்கு மாற்றிவிட்டார்களா, இது ஒழுகுகிறதா என்று மேலே கூரையைப் பார்த்தாள்.

"யாராத்துல?"

"இன்னா கேக்குற நீ? நம்ம ஆத்துலதான். நீ சொன்னபடியே வச்சுக்கினு கீறாங்க. அசைக்கவே இல்ல."

ஞானாம்பாள் திரும்பி அந்தக் காலிப் பாயை இன்னொரு தரம் பார்த்தாள். நம் வீட்டில்தான் என்கிறாளே, அப்படியானால் எங்கே? கோவிந்தம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். தாழம்புதருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள்.

வடக்குக் கிளையில், அக்கரைக்குக் கிட்டத்தில், ஒரு படகு நங்கூரக் கல்லைப் போட்டு நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளம் நுரைத்துக்கொண்டு போயிற்று. படகுக்குமேல் ஒரு புடவையைக் கூடாரம் மாதிரி பிடித்துக்கொண்டு ஒருத்தி குனிந்திருந்தாள். அது ஜெசிந்தாவின் வெள்ளை ரவிக்கை. ஒருத்தன் முன் பக்கம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துப் படகு ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானாம்பாளின் கையிலிருந்த பெட்டி சேற்றில் விழுந்தது. தான் சொன்ன வார்த்தை அவளுக்கு இப்போது மற்றவர்கள் கேட்டபடி கேட்டது. ஆத்துலயே. எதிரே இருக்கும் ஆற்றைப் பார்த்தபடி, தன் வீட்டுப் பேச்சின்மேலேயே அவளுக்கு இன்னதென்று சொல்ல முடியாத பயம் உண்டாயிற்று.

நடந்தது என்னவென்று அப்புறம் ஜெசிந்தா சொல்லித்தான் தெரிந்தது. கபாலி போய் வெகுநேரம் ஆயிற்று. வலி நெருங்கிக்கொண்டே வந்தது. இனி காத்திருக்கக் கூடாதென்று ஜெசிந்தாவே முடிவு செய்து, கெங்கம்மாவைப் படகில் ஏற்றச் சொன்னாள். அக்கரை சேர்ந்து வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவதென்று ஏற்பாடு. முக்கால்வாசி ஆறு கடந்தபோது எதிர்க்கரையில் கபாலி வந்து நின்றான். இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான். ஆத்துலயே இருக்கட்டுமாம், அசைக்கப்படாதாம், டாக்டரம்மா வந்துக்கினே கீதாம். சுப்பராயன் உடனே கல்லை எறிந்து படகை நிறுத்தினான். கபாலி கட்டுமரத்தில் திட்டுக்கு வந்து தாயாரிடமும் அதையே சொன்னான். ஜெசிந்தாவுக்கு ஒரு கணம் புரியவில்லைதான். ஆனால் குறுக்கே கிடக்கும் குழந்தையை அசைக்கக் கூடாது என்பது அவள் படித்ததுதானே. டாக்டரம்மா பெரிய படகு எடுத்துக்கொண்டு வந்து, ஆற்றிலேயே பிள்ளையைத் திருப்பப் போகிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதே குழலை வயிற்றில் வைத்துக் கேட்டாளாம். குழந்தையின் நெஞ்சு நன்றாக அடித்துக்கொண்டிருந்ததாம்.

ஞானாம்பாள் கரையோரம் ஓடினாள். படகை இந்தப் பக்கம் கொண்டு வரச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினாள். காற்று அவள் பேச்சைக் கடல் பக்கம் அடித்துக்கொண்டு போனது. அவள் கையை ஆட்டுவதைப் பார்த்துவிட்டு ஜெசிந்தாவும் பதிலுக்குக் கையை ஆட்டினாள். டாக்டர் வந்துவிட்டாள் என்ற சந்தோஷம் அந்தக் கையில் தெரிந்தது. ஞானாம்பாளுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

கடைசியில் திட்டு ஆட்கள் இரண்டு பேர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திப் போனார்கள். கல் அடியில் எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது. அதன் கயிற்றை அறுத்துவிட்டதும் படகு குறுக்கே திரும்பி ஒரு பக்கம் சாய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். கயிறு பிடித்தவர்கள் இழுத்து இழுத்து, படகு திட்டின் கிழக்கு முனைக்கு வந்து ஒதுங்குவதற்குள் ஒரு யுகம் போனது போல் இருந்தது. படகின் அடியில் கணுக்கால் தண்ணீர். கெங்கம்மா அதில் மல்லாந்து கிடந்தாள். குடம் படகு சாய்ந்தபோது உடைந்துவிட்டது. கொடி வெளியே வந்திருந்தது. ஞானாம்பாள் அதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். துடிப்பு இருக்கிறதா என்று ஒரு தரம், தன் விரலே தப்போ என்று இன்னொரு தரம். இல்லை.

குடிசைப் பாயில் கிடத்தி, குழந்தையைத் திருப்பி எடுத்தாள். கை தன் வேலையைத் தானே செய்தது. பெண் குழந்தை. தலை நிறைய மயிர். உடம்பில் சூடு இன்னும் போகவில்லை. காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள், வாயில் வாயை வைத்து ஊதினாள், வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினாள். போதும் டாக்டரம்மா என்று ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கெங்கம்மாவின் ரத்தம் நின்றுவிட்டது. நாடி மெலிந்திருந்தாலும் ஒழுங்காக ஓடியது. அவள் பிழைத்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

கோவிந்தம்மா குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். சுப்பராயன் உள்ளே வந்தான். அத்தனை நேரமும் கயிற்றைப் பிடித்திருந்ததில் அவன் உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தம் கசிந்தது. அந்தக் கையைக் கூப்பிக்கொண்டு ஞானாம்பாளின் முன்னால் உட்கார்ந்தான்.

"அசைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. ஆனமட்டும் பாத்தேன், டாக்டரம்மா. தண்ணி ஆட்டிடுச்சு. அதனாலதான் பூடுச்சா?"

ஆமாம் என்று சொன்னால் அவன் சாகிற வரைக்கும் நம்பிக்கொண்டிருப்பான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாலும் அதேதான். இங்கே யாரும் அவளைக் கேள்வி கேட்கப் போவதில்லை. லஸ்ஸிலோ, சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று தலைவி ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவைத்திருக்கிறாள்.

"உன் மேல தப்பே இல்லை, சுப்பராயா. நான் சொன்னதுதான் தப்பு" என்றாள். குரல் அடங்கிப்போயிருந்தது. "எங்க பேச்சுல ஆத்துலன்னா வீட்டுலன்னு அர்த்தம். வீட்டுலயே இருக்கட்டும்னுதான் நான் சொன்னேன்."

யாருக்கும் உடனே விளங்கவில்லை. வாசலில் நின்றிருந்த கபாலிக்குத்தான் முதலில் விளங்கியது. அவன் கதவுக் கம்பைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"நானு ஒரு எழுத்துகூட மாத்தலியே, டாக்டரம்மா. லஸ்லேந்து அதையே சொல்லிக்கினுதானே ஓடியாந்தேன்" என்றான்.

நீ சரியாகத்தான் சொன்னாய் என்றாள் ஞானாம்பாள். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. சுப்பராயன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டு நாலு வார்த்தை கேட்டுவிட்டால்கூடத் தேவலை என்று ஞானாம்பாளுக்குத் தோன்றியது. ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு துணிகளை மடித்தாள்.

பாயிலிருந்து சத்தம் வந்தது. கெங்கம்மா கண்ணைத் திறந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டாக்டரைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள்.

"வூட்டுக்கு இட்டுக்கினு போ, வூட்டுக்கு இட்டுக்கினு போன்னு நானு படகுலேந்து எத்தினி தபா கேட்டேன்" என்றாள். "டாக்டரம்மா சொல்லிக்கீது, வாய மூடிக்கினு படுன்னு சொன்னியே."

சுப்பராயன் எழுந்து வெளியே மழைக்குள் போனான்.